ஒக்கோ உல்ஃபர்ட்ஸ் பழுது பார்த்த ஆறு வாரங்கள்

லூட்டர்ஸீல் நகராட்சியில் கம்ப்யூட்டர் பழுதானால் கூப்பிடுவதற்கு ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அவன் பெயர் ஒக்கோ உல்ஃபர்ட்ஸ். அந்த இலையுதிர்காலத்தில், ஆறு வாரங்களுக்குள், அவன் ஹில்கா போப்பிங்காவின் அறைக்குப் பதினான்கு முறை போனான். பதினான்கு முறையும் மேசைக்கடியில் முழங்காலிட்டுக் கம்பிகளைப் பிடுங்கிச் செருகினான், தலையைச் சொறிந்தான், "புரியலையே" என்று சொல்லிவிட்டு வந்தான். அவனுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. பழுதை உண்டாக்கியவனே அவன்தான்.

இதைச் சொன்ன கையோடு ஒக்கோ நல்ல மனிதன் என்றும் சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் நல்ல மனிதன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் இரண்டாவது வாரத்திலிருந்தே நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

நானும் அவனும் பள்ளியில் ஒரே வகுப்பு. கடலணைக்கு உள்பக்கம் மாடு வளர்த்த குடும்பம் அவனுடையது. மாடு வேண்டாம் என்று சொல்லித் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான். கற்று முடித்த வருடம், ஊர்க்காரர்கள் பெட்டி கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கப் பழகியிருந்தார்கள். பிறகு தீவுகளுக்குப் போகும் படகில் நான்கு வருடம் ரேடியோவும் ராடாரும் கவனித்தான். கடல் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வடகடல் ஓரத்தில் பிறந்தவனுக்குக் கடலில் வாந்தி வருகிறது என்பது எங்கள் பக்கத்தில் வெளியே சொல்லக்கூடிய விஷயமல்ல. அதனால் முதுகுவலி என்று சொல்லிப் படகிலிருந்து இறங்கினான். அந்த முதுகுவலியைக் காப்பாற்றுவதற்காக இரண்டு வருடம் கொஞ்சம் வளைந்தே நடந்தான். ஒக்கோ சொல்கிற பொய்கள் எல்லாம் இந்த ரகம்தான்; யாரையும் ஏமாற்ற அல்ல, சங்கடத்திலிருந்து தப்பிக்க. பொய்யும் பிறகு அவனைச் சும்மா விடுவதில்லை.

நகராட்சியில் அவனுக்கு நிலவறையில், வெப்பக் கொதிகலனுக்குப் பக்கத்தில் ஓர் அறை. நான் முதல் மாடியில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்கிறேன். என் அறைக்கு அடுத்த அறை ஹில்காவுடையது.

ஹில்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. முப்பத்து நான்கு வருடங்களாக வரவுப் பதிவு அவர் கையில். நகராட்சிக்கு யார் எதை எழுதினாலும் அது முதலில் ஹில்காவிடம் வரும். அவர் அதில் தேதி முத்திரை குத்துவார், எண் போடுவார், சுற்றுக்கு அனுப்புவார். மேயர் பச்சைப் பென்சிலால் கையொப்பமிடுவார், துறைத்தலைவர்கள் சிவப்பால், மற்றவர்கள் நீலத்தால். எல்லா நிறமும் விழுந்த பிறகு தாள் ஹில்காவிடமே திரும்பும். அவர் இரண்டு துளை போட்டுக் கோப்பில் கோப்பார். மின்னஞ்சல் வந்தபோது இந்த முறையில் எதுவும் மாறவில்லை. மின்னஞ்சலை அச்சிட்டால் அதுவும் கடிதம்தானே. முத்திரை விழுந்த தாள் வந்து சேர்ந்த தாள். திரையில் மட்டும் தெரிகிற மின்னஞ்சல், ஜன்னல் வழியாகத் தெரிகிற விருந்தாளி மாதிரி: தெருவரை வந்திருக்கிறார், ஆனால் இன்னும் மணி அடிக்கவில்லை.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த முப்பத்து நான்கு வருடங்களில் எங்கள் நகராட்சியில் ஒரு தாள்கூடத் தொலைந்ததில்லை.

அந்த வருடம் நகரமன்றம் ஒரு தீர்மானம் போட்டது: வருட முடிவுக்குள் அலுவலகத்தில் தாள் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும். தீர்மானத்தை விளக்கும் சுவரொட்டி ஒன்று வழவழப்பான தடித்த தாளில் ஒவ்வொரு கதவிலும் ஒட்டப்பட்டது. நிறைவேற்றும் பொறுப்பு ஒக்கோவின் தலையில் விழுந்தது. அச்சுப்பொறிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தான். கட்டடத்தில் அச்சாகும் தாள்களில் பாதி ஹில்காவின் அறையில் அச்சாயின.

இரண்டு முறை நயமாகச் சொல்லிப் பார்த்தான்.

"ஹில்கா, மெயில திரையிலயே படிச்சிடலாமே. எல்லாத்தையும் அச்சடிக்கணுமா?"

"தாராளமா படிக்கலாம். முத்திரைய எங்க குத்துறது? திரை மேலயா?"

"முத்திரை எதுக்குங்கறேன்."

"அப்போ எது வந்துச்சு, எது வரலன்னு எப்படித் தெரியும்?"

"திரையில தேதி நேரம் எல்லாம் இருக்கே."

"அது மெயில் சொல்ற தேதி, ஒக்கோ. முத்திரை நான் சொல்ற தேதி."

ஒக்கோ நிலவறைக்கு இறங்கிப் போனான். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கும் இன்றுவரை முடியவில்லை.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கெல்லாம் எங்கள் கட்டடம் காலியாகிவிடும். வாராந்தரப் பராமரிப்பு என்ற பெயரில் ஒக்கோ ஹில்காவின் நாற்காலியில் உட்கார்ந்தான். மின்னஞ்சல் நிரலின் அமைப்புகளைத் திறந்தான். அது அச்சிட வேண்டியதை எல்லாம் மூன்று வருடங்களுக்கு முன்பே கழற்றிப் பழைய இரும்புக்குப் போன ஓர் அச்சுப்பொறிக்கு அனுப்பும்படி மாற்றிவைத்தான். நான்கு சொடுக்கு, அவ்வளவுதான். கடிதம் அச்சாகும், அட்டவணை அச்சாகும், எல்லாம் அச்சாகும். மின்னஞ்சல் மட்டும், இப்போது இல்லாத ஒரு பொறிக்காக வரிசையில் காத்திருக்கும்.

அவன் போட்ட கணக்கு எளிமையானது. இரண்டு மூன்று நாள் முணுமுணுப்பார். பிறகு வேறு வழியில்லாமல் திரையில் படிக்கப் பழகுவார். பழகிய பிறகு பழுது தானாகச் சரியாகிவிடும். தாள் மிஞ்சும். யாருக்கும் நஷ்டமில்லை.

திங்கட்கிழமை எட்டே கால் மணிக்கு நிலவறையில் தொலைபேசி அடித்தது.

"ஒக்கோ, மெயில் அச்சாகலப்பா."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் ஆகுது. மெயில் மட்டும் மாட்டேங்குது. நான் ஏதாவது செஞ்சுட்டேனா?"

"இல்ல, இல்ல. நீங்க ஒண்ணும் செய்யல" என்றான் ஒக்கோ. அன்று முழுவதும் அவன் பேசிய ஒரே உண்மை அதுதான்.

மேலே வந்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். கம்பியைப் பிடுங்கிச் செருகினான். சோதனைத் தாள் ஒன்று அச்சிட்டான். அது அழகாக வந்து விழுந்தது. ஹில்கா அதை எடுத்து முத்திரை குத்தினார்.

"அது வெறும் சோதனைத் தாள், ஹில்கா."

"வந்துச்சில்ல?" என்றார் ஹில்கா.

பிறகு தேநீர் வந்தது. எங்கள் பக்கத்தில் பதினொரு மணித் தேநீரை வேண்டாம் என்பதும் வீட்டுக்கு வந்தவர் முகத்தில் கதவை அடைப்பதும் ஒன்று. கோப்பையில் ஒரு கட்டி கற்கண்டு, அதன்மேல் கொதிக்கும் தேநீர், கோப்பையின் ஓரமாக ஒரு துளி பாலாடை, கலக்கக் கூடாது. மூன்று கோப்பை குடிக்க வேண்டும். ஒக்கோ மூன்று கோப்பையும் குடித்தான். கூடவே வெண்ணெயில் பிசைந்த மாவை உதிர்த்துத் தூவிய ஆப்பிள் கேக்கும் ஒரு துண்டு. "காலையில இருந்து முட்டி போட்டுக்கிட்டு இருக்கியே, சாப்பிடு" என்றார் ஹில்கா.

செவ்வாய்க்கிழமை அவன் மறுபடி மேலே வந்தபோது, ஹில்கா திரையைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, அனுப்பியவர், பெறுபவர், பொருள், தேதி, கீழே முழு மின்னஞ்சல், ஒரு சொல் விடாமல். எழுதி முடித்ததும் முத்திரை.

"என்ன செய்றீங்க?"

"நீ சரி பண்ற வரைக்கும் வேலை நிக்கக் கூடாதில்ல? நான் எழுதிர்றேன். நீ பதறாம பாரு."

ஒக்கோவின் கணக்கில் இது இல்லை. இப்படி ஒன்று யாருடைய கணக்கிலும் இருந்திருக்காது. அந்தத் தாள்கள் சுற்றுக்குப் போயின. பச்சை விழுந்தது, சிவப்பு விழுந்தது, நீலம் விழுந்தது. மேயர் வேர்ட் ஹாபென், பார்க்க மரியாதையான பெரிய உடம்புக்காரர், ஹில்காவின் அறை வாசலில் நின்று பாராட்டினார்.

"என்ன அழகான கையெழுத்து, ஃப்ரௌ போப்பிங்கா! பிரிண்டர விட இதுதான் நல்லாருக்கு."

இதில் வேடிக்கை என்னவென்றால் ஹில்காவின் எழுத்து பெரியது. ஒரு பக்கத்தில் அடங்கிய மின்னஞ்சல் இப்போது இரண்டு பக்கம் பிடித்தது. ஆனால் எழுதுதாள் அச்சுப்பொறியின் கணக்கில் ஏறாது. ஆகவே தாள் அதிகமாகச் செலவாகி, தாள் செலவு குறைந்துகொண்டே வந்தது. அக்டோபர் முடிவில் முப்பத்தெட்டு சதவீதம் குறைவு. மேயர் அந்த எண்ணை மாவட்டக் கூட்டத்தில் இரண்டு முறை சொன்னார். ஒக்கோவின் தோளைத் தட்டினார்.

ஒக்கோ நான்காம் முறை போனான், ஏழாம் முறை போனான். ஒருமுறை புதுக் கம்பி என்று சொல்லிப் பழைய கம்பியையே வெளியே எடுத்துத் துடைத்துச் செருகினான். ஒவ்வொரு முறையும் அவன் மேசைக்கடியில் இருக்கும்போது ஹில்கா தேநீர் வைக்கப் பக்கத்து அறைக்குப் போவார். திரும்ப ஆறு நிமிடமாகும். பழையபடி மாற்றிவைக்கும் நான்கு சொடுக்குக்கு ஆறு நிமிடம் தாராளம்.

மூன்றாவது வாரம் அவன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். எல்லாவற்றையும் சொன்னான். முகம் படகில் இருந்த காலத்து நிறத்தில் இருந்தது.

"சரி பண்ணிட்டுப் போயேன். அவங்க தேத்தண்ணி வைக்கப் போற நேரத்துல" என்றேன்.

"முடியலடா."

"ஏன்?"

"சரி பண்ணினா நன்றி சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"உனக்குப் புரியாது. அந்தம்மா ஒரு ஃபைல் போட்டிருக்காங்க. நான் எப்போ வந்தேன், என்ன செஞ்சேன், எல்லாம் எழுதியிருக்கு. நேத்து திருட்டுத்தனமாப் பாத்தேன். 'உல்ஃபர்ட்ஸ், பத்து நாப்பதுலேர்ந்து பதினொண்ணே கால் வரை. புதுக் கம்பி. பலன் இல்லை.' அதுக்குக் கீழ, 'மிகவும் பொறுமையானவர்.' ஒவ்வொரு தடவைக்கும் கீழ அதையே எழுதியிருக்காங்க. மிகவும் பொறுமையானவர்."

"அப்போ உண்மையச் சொல்லிரு."

"முதல் வாரம் சொல்லியிருந்தா அது விளையாட்டு. இப்போ சொன்னா என்ன பேரு?"

எனக்குப் பெயர் தெரியும். சொல்லவில்லை. பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்த பிறகும் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நடந்ததைப் பதிவு செய்வது என் தொழில். யாரும் வந்து பதிவு செய்யக் கேட்காததைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சட்டம் படித்தவர்களுக்கு இந்த வசதி உண்டு.

ஐந்தாவது வாரம் ஹில்கா வலது மணிக்கட்டில் கம்பளிப்பட்டை சுற்றிக்கொண்டு வந்தார். அப்போது அவர் மூன்று நாள் பின்தங்கியிருந்தார். வியாழக்கிழமை வந்த மின்னஞ்சலை அடுத்த செவ்வாய்க்கிழமைதான் எழுத முடிந்தது. வெள்ளிக்கிழமைகளில் கட்டடம் காலியான பிறகும் நாலு மணிவரை உட்கார்ந்து எழுதினார். வரிசையை மட்டும் மாற்றவில்லை. வந்த வரிசையில் எழுதுவார், எழுதும்போதுதான் படிப்பார். பின்னால் என்ன வந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது அவருக்கு வரிசையில் முந்துவது போல.

நவம்பர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அணைப் பார்வை. வருடத்துக்கு இரண்டு முறை, அணைக்குழுவினர் கடலணையின் மேல் முழு நீளத்துக்கும் நடந்து, எலிப் பொந்து, முயல் வளை, அரிப்பு என்று தடியால் குத்திப் பார்ப்பார்கள். மேயர் கூடவே நடப்பார். முடிந்ததும் விடுதியில் கேல் கீரையும் தொத்திறைச்சியும். எங்கள் ஊரின் பாதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மேயர் தன் மகளின் திருமணத்துக்கு வராமல் இருக்கலாம். அணைப் பார்வைக்கு வராமல் இருக்க முடியாது.

அந்த வருடம் செவ்வாய்க்கிழமை புயல் வரும் என்று வானிலை சொன்னது. அணைக்குழு ஒரு நாள் முன்னதாக, திங்கட்கிழமைக்கே மாற்றிவிட்டது. வியாழக்கிழமை மதியம் நகராட்சிக்கு மின்னஞ்சல் அனுப்பியது. வந்து சேர்ந்தது. ஹில்காவின் திரையில் முப்பத்தோராவது இடத்தில் வரிசையில் நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை மேயர் ஹாபென் இரண்டு துறைத்தலைவர்களோடு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அணைமேல் ஏறினார். புயல் வந்திருந்தது. ஆடுகள் இருந்தன. வேறு யாரும் இல்லை. அணைக்குழு முந்தின நாளே நடந்து முடித்துக் கீரையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் அணைக்குழுத் தலைவர் ஒரே வரி சொல்லியிருந்தார்: "நகராட்சிக்கு அணையை விட முக்கியமான வேலை இருந்திருக்கும்."

மேயர் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஹில்காவின் அறைக்கு வந்தார். நான் என் அறையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டேன். கதவு திறந்திருந்தது, மூடியிருந்தாலும் கேட்டிருக்கும்.

"வியாழக்கிழமை வந்த மெயில்! வியாழக்கிழமை! ஒரு தடவ திரையப் பாத்திருக்கக் கூடாதா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஹெர் ஹாபென். புதன்கிழமை மெயில்ல இருந்தேன்."

"புதன்கிழமை மெயில்ல இருந்தீங்களா! நான் ஆட்டுக்கூட்டத்துல இருந்தேன்!"

"இன்னைக்கு மத்தியானம் அது வந்திருக்கும்" என்றார் ஹில்கா. அவருக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலைக்குள் முடிவாகிவிட்டது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஹில்கா கல்லறைத்தோட்ட அலுவலகத்துக்கு. அது ஊருக்கு வெளியே ஒற்றை அறைச் செங்கல் வீடு. மாதத்துக்குப் பத்துக் கடிதம் வந்தால் அதிகம். வரவுப் பதிவுக்கு வேறு ஆள். "அந்தம்மாவுக்குக் கம்ப்யூட்டர் ஒத்து வரல, பாவம்" என்று மேயர் என்னிடம் சொன்னார். ஆள் கெட்டவரல்ல, இரக்கமாகவே சொன்னார். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

ஒக்கோ அன்று மதியமே ஓடிவந்தான். ஹில்கா சாப்பிடப் போயிருந்தார். நான்கு சொடுக்கு. பழைய பொறியின் வரிசையைப் புதிய பொறிக்குத் திருப்பிவிட்டான். சத்தமில்லாமல் சரி செய்துவிட்டு இறங்கிவிடலாம், ஹில்கா திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் அச்சாகும், மேயரின் மனம் மாறும் என்று நினைத்தான். ஆறு வாரமாக ஹில்கா அச்சிடு என்று சொல்லிச் சொல்லி அலுத்த ஒவ்வொரு மின்னஞ்சலும் அந்த வரிசையில்தான் நிற்கிறது என்பதை, இந்தத் தொழிலிலேயே இருப்பவன், மறந்துபோனான்.

அச்சுப்பொறி ஒரு முறை இருமியது. பிறகு நிற்கவில்லை. தட்டு நிறைந்து தாள்கள் தரையில் வழிந்தன. ஒக்கோ நிறுத்துவதற்குள் சத்தம் கேட்டு மேயர் வாசலில் நின்றார். பக்கத்தில் நான்.

மேயர் குனிந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். செப்டம்பர் முப்பதாம் தேதி மின்னஞ்சல்.

"நல்லாத்தானே வேலை செய்யுது" என்றார். "அப்போ இவ்வளவு நாளா அந்தம்மாதான் தப்பு தப்பா அழுத்திக்கிட்டு இருந்திருக்காங்க. நான் சொல்லல?"

ஒக்கோ தாள்களைப் பொறுக்கத் தொடங்கினான். மேயர் போய்விட்டார்.

ஹில்கா திரும்பி வந்தபோது ஒக்கோ முழங்காலிட்டுத் தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். முதல் முறையாக அந்த அறையில் அவன் உண்மையிலேயே ஒரு வேலை செய்துகொண்டிருந்தான். ஹில்கா மேலங்கியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அச்சாகுதா?"

"ஆகுது."

"அப்போ நான்தான் எதையோ தப்பா அழுத்தியிருக்கேன்" என்றார். கம்பளிப்பட்டை சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டார். "ஆறு வாரம் உன்ன மாடியேற வெச்சுட்டேன், ஒக்கோ. தப்பா எடுத்துக்காத. மன்னிச்சிரு."

ஒக்கோ பொறுக்கிய தாள்களைத் தரையிலேயே வைத்தான்.

"நீங்க எதையும் அழுத்தல" என்றான். "நான்தான் செஞ்சேன். செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. தாள் மிச்சம் பிடிக்க."

ஹில்கா அவனைப் பார்த்தார். குரல் உயரவில்லை. ஒரு பட்டியலைச் சரிபார்ப்பது போலக் கேட்டார்.

"பதினாலு தடவ வந்தியே?"

"சும்மா."

"புதுக் கம்பி?"

"பழசுதான். துடைச்சுச் சொருகினேன்."

"பொறுமையா இருந்தியே. அது?"

ஒக்கோ அழுதிருந்தால் ஹில்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஒரு கைக்குட்டையைக் கொடுத்திருப்பார். அவன் அழவில்லை. முழங்காலிட்டபடியே இருந்தான்.

"இத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார் ஹில்கா கடைசியில். "மேயருக்கு எழுது. எழுதிக் கொண்டா. நான் முத்திரை குத்துறேன்."

அங்கேயே, ஹில்காவின் எழுதுதாளில், கையால் எழுதினான். ஒரு பக்கம்கூட ஆகவில்லை. ஹில்கா படித்தார். தேதி சரியா என்று பார்த்தார். முத்திரை குத்தினார், எண் போட்டார், மேயரின் சுற்று உறையில் வைத்தார்.

கால் மணி நேரத்தில் மேயர் ஒக்கோவைக் கூப்பிட்டார். அடுத்த நாள் அவன் எனக்குச் சொன்னபடி, பேச்சு இப்படிப் போனது.

"ஒக்கோ, இது தேவையா? முப்பத்தெட்டு சதவீதம்னு மாவட்டம் முழுக்கச் சொல்லியிருக்கேன். இது வெளிய வந்தா என்ன ஆகும்? அந்தம்மாவுக்கும் கல்லறை ஆபீஸ்ல வேலை கம்மி, கை வலிக்கு நல்லது. இதைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போ. உனக்கும் நல்லது."

"கிழிக்க முடியாது, ஹெர் ஹாபென்."

"ஏன்?"

"முத்திரை விழுந்திருச்சு."

மேயர் தாளைத் திருப்பிப் பார்த்தார். நாள், நேரம், எண். அந்த எண்ணுக்கு முந்தின எண்ணும் அடுத்த எண்ணும் ஏற்கெனவே வேறு அறைகளில் சுற்றிக்கொண்டிருந்தன. இந்த எண் காணாமல் போனால் கட்டடத்தில் முதல்முறையாக ஒரு தாள் காணாமல் போயிருக்கும். அது எந்தத் தாள் என்று கேட்க ஹில்கா இருந்தார். மேயர் பச்சைப் பென்சிலை எடுத்தார்.

இடமாற்றம் ரத்தானது. ஒக்கோவுக்கு எழுத்துமூலமான கண்டனம். அதிலும் ஹில்காவே முத்திரை குத்தி, இரண்டு துளை போட்டுக் கோத்தார். ஒக்கோ மேயர் சொல்லாமலே அணைக்குழுத் தலைவரின் வீட்டுக்கு சைக்கிளில் போய், மேயர் ஆடுகளோடு நின்றதற்குத் தானே காரணம் என்று வாசலில் நின்று சொன்னான். தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். உள்ளே கூட்டிப்போய் ஒரு சின்னக் கிளாஸில் தானியச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். "ஆடுங்க மட்டும்தானா? ஆடுங்க மட்டுமா?" என்று மூன்று முறை கேட்டார். திட்டு வாங்கப் போனவன் விருந்தாளியாகத் திரும்பினான். அது அவனை இன்னும் வதைத்தது.

அந்த வாரத்திலேயே ஹில்கா என் அறை வாசலில் நின்று கேட்டார்: "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். ஒக்கோ ஒரு பக்கம் எழுதி முத்திரை வாங்கிவிட்டான். நான் இன்னும் வாங்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஹில்காவின் நாட்காட்டி நிரல் திறக்கவில்லை. உண்மையான பழுது. வேறு ஆளைக் கூப்பிட வழியில்லை, எங்கள் நகராட்சியில் ஒக்கோ ஒருவன்தான். மேலே வந்தான். நான் ஒரு கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தேன். ஹில்கா எழுந்து அவனுக்கு நாற்காலியைக் கொடுத்தார். ஆனால் தேநீர் வைக்கப் பக்கத்து அறைக்குப் போகவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து அவன் தோளுக்குப் பக்கத்தில் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்போ எதை அழுத்தின?"

"அமைப்புகள்."

"அது எதுக்கு?"

ஒக்கோ சொன்னான். தான் செய்யும் வேலை என்ன என்று இந்தக் கட்டடத்தில் ஒருவராவது கேட்டால் போதும் என்று பதினேழு வருடமாக ஏங்கியவன் அவன். இப்போது ஒவ்வொரு சொடுக்கையும் வாய்விட்டுச் சொல்லி, காரணமும் சொல்லி, அனுமதிக்காகக் காத்திருந்தான். நான்கு நிமிட வேலை முக்கால் மணி நேரம் பிடித்தது. அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. ஹில்கா கோபமாக இல்லை. குரலில் குத்தல் இல்லை. ஒன்று புரிந்ததும் தலையசைத்தார்.

"சரி. அடுத்து?"